பள்ளிவாசல் தெருவில் பள்ளிவாசல் இல்லை: ஜெர்மனி திட்டமிட்ட ஜிஹாத்தின் கதை

பெர்லினுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி வூன்ஸ்டார்ஃப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு தெருவுக்குப் பெயர் பள்ளிவாசல் தெரு. ஆனால் எவ்வளவு தேடினாலும் அங்கே பள்ளிவாசல் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. குவிமாடமும் மினாரும் கொண்ட மரக் கட்டடம். 1915 ஜூலையில் ரமலான் மாதத்தை ஒட்டித் திறந்தார்கள். தொழுகைக்கென்றே ஜெர்மன் மண்ணில் எழும்பிய முதல் பள்ளிவாசல் அதுதான். பணம் கொடுத்துக் கட்டியது ஜெர்மனியின் போர்த்துறை. அங்கே தொழுதவர்கள், முதல் உலகப் போரில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யப் படைகளில் சண்டையிட்டு ஜெர்மனியிடம் பிடிபட்ட முஸ்லிம் சிப்பாய்கள்.

எதிரிப் படையின் கைதிகளுக்கு, போர் நடக்கும்போதே, ஒரு கிறித்தவப் பேரரசரின் ராணுவம் எதற்காகத் தன் செலவில் பள்ளிவாசல் கட்ட வேண்டும்? ஜிஹாத்தும் ஐரோப்பாவும் என்று பேச்சு வரும்போதெல்லாம் நாம் கடைசி முப்பது, நாற்பது ஆண்டுகளைத்தான் நினைக்கிறோம். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதற்குமாக ஒரு ஜிஹாத்தைத் திட்டமிட்டு, அதற்கு அலுவலகம் திறந்து, துண்டறிக்கை அச்சடித்து, ஆள் அனுப்பிய ஓர் ஐரோப்பிய வல்லரசு உண்டு.

ஆரம்பம் 1898. ஜெர்மன் கைசர், அதாவது பேரரசர், இரண்டாம் வில்ஹெல்ம் உதுமானிய (துருக்கி) பேரரசில் நீண்ட சுற்றுப்பயணம் போனார். இஸ்தான்புல், ஜெருசலேம் எல்லாம் முடித்து நவம்பரில் டமாஸ்கஸ் வந்தார். சிலுவைப் போர்களில் ஜெருசலேமை மீட்ட சலாவுதீனின் கல்லறைக்கு மாலை வைத்து மரியாதை செய்தார். அன்று அவர் பேசிய பேச்சில் ஒரு வாக்கியம் உலகம் முழுக்கப் பரவியது: பூமியெங்கும் பரவி வாழும் 30 கோடி முஸ்லிம்களுக்கு ஜெர்மன் பேரரசர் எந்நாளும் நண்பராக இருப்பார்.

கைசருக்கு இஸ்லாம் மீது திடீர்ப் பாசம் பிறந்ததற்குக் கணக்கு ஒன்று இருந்தது. அந்த நாளில் உலகிலேயே அதிக முஸ்லிம்களை ஆண்டது உதுமானிய சுல்தான் அல்ல, பிரிட்டன். இந்தியா, எகிப்து, மலாயா, நைஜீரியா என்று ஏறத்தாழ 10 கோடி முஸ்லிம்கள் அதன் குடிமக்கள். அல்ஜீரியாவும் துனிசியாவும் பிரான்சின் பிடியில் இருந்தன, மத்திய ஆசியாவும் காக்கசஸும் ரஷ்யாவின் பிடியில். காலனிப் பந்திக்குத் தாமதமாக வந்த ஜெர்மனியிடம் இருந்ததோ கொஞ்சம். ஆக, முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாகக் கிளர்ந்தால் இழப்பெல்லாம் எதிரிகளுக்குத்தான். ஆனால் தன் சொந்தக் காலனிகளில் இதே ஜெர்மனி இஸ்லாத்தைக் கண்டு அஞ்சியது. மெக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதம் 1908இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் கைக்குக் கை பரவியபோது அதிகாரிகள் கலங்கிப் போனார்கள். வெளியே நண்பன், வீட்டுக்குள் சந்தேகம் என்ற இந்த இரட்டை மனம் கடைசிவரை மாறவில்லை.

1914 ஜூலை 30. பிரிட்டன் நடுநிலை வகிக்காது என்று கைசருக்குத் தெளிவாகிவிட்டது. தூதரக அறிக்கை ஒன்றின் ஓரத்தில் கொதிப்போடு குறிப்பு எழுதினார். துருக்கியிலும் இந்தியாவிலும் உள்ள நம் தூதர்களும் ஆட்களும் முஸ்லிம் உலகம் முழுவதையும் இந்தக் கடைக்காரர் தேசத்துக்கு எதிராகக் கிளப்ப வேண்டும், நாம் ரத்தம் சிந்திச் சாவதானால் இங்கிலாந்து இந்தியாவையாவது இழக்கட்டும் என்பது அதன் சாரம். போர் இன்னும் முழுசாகத் தொடங்கவில்லை, அதற்குள் இந்தியாவைப் பற்றிய பேச்சு.

அந்தக் கோபத்தைத் திட்டமாக மாற்றியவர் மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம். கொலோன் நகரத்தின் பெரிய வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வழி யூத வம்சம். தந்தை கத்தோலிக்கராக மதம் மாறியவர். அந்தப் பூர்வீகத்தைக் காட்டியே ஜெர்மன் வெளியுறவுத் துறை இவரை முறையான தூதராக ஆக்க மறுத்தது. கெய்ரோவில் பல ஆண்டுகள் இருந்தார், அரபு பேசினார், பாலைவன நாடோடிகளான பதூவின்களின் கூடாரங்களில் தங்கினார். 1899இல் வட சிரியாவில் டெல் ஹலாஃப் என்ற மேட்டில் மூவாயிரம் ஆண்டுப் பழமையான சிலைகளைக் கண்டுபிடித்ததும் இவரே. பிரிட்டிஷ்காரர்கள் இவரைக் கைசரின் ஒற்றன் என்றே அழைத்தார்கள்.

1914 அக்டோபரில் இவர் 136 பக்கத்தில் ஒரு குறிப்பாணை எழுதிக் கொடுத்தார். எதிரிகளின் ஆட்சியில் உள்ள இஸ்லாமிய நாடுகளில் புரட்சியைத் தூண்டுவது எப்படி என்பது பொருள். இந்தியா, எகிப்து, காக்கசஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வழி சொன்னார். உதுமானிய சுல்தான், கலீபா, அதாவது உலக முஸ்லிம்களின் தலைவர் என்ற முறையில் ஜிஹாத் அறிவிக்க வேண்டும். எகிப்துக்குள் படை நுழைய வேண்டும். ஆப்கானிஸ்தான் மன்னரான அமீர் இந்தியாவுக்குள் இறங்க வேண்டும். அந்தந்த மொழியில் துண்டறிக்கை போக வேண்டும். பெர்லினில் கீழை நாடுகளுக்கான செய்தி அலுவலகம் என்று ஒன்று முளைத்தது. ஜெர்மன் பேராசிரியர்கள், துனிசிய ஆலிம்கள், ரஷ்யாவின் முஸ்லிம் இனத்தவரான தாத்தாரிகள், பாரசீகர்கள், இந்தியர்கள் எல்லோரும் அங்கே வேலை பார்த்தார்கள்.

இஸ்தான்புல்லின் பங்கையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பெர்லின் ஆட்டுவித்தது, துருக்கி ஆடியது என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். கலீபா என்ற பட்டத்தை முன்னிறுத்தி உலக முஸ்லிம்களை ஒன்று சேர்க்கும் அரசியலை சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டார். அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த இளந்துருக்கியர் என்ற கட்சியினருக்கும், குறிப்பாகப் போர் அமைச்சர் என்வர் பாஷாவுக்கும், இழந்த நிலங்களை மீட்கும் கனவு இருந்தது. 1914 ஆகஸ்ட் 2இல் ஜெர்மனியோடு ரகசிய ஒப்பந்தம். அக்டோபர் 29இல் ஜெர்மன் அட்மிரலின் தலைமையில் உதுமானியக் கொடி பறக்கும் கப்பல்கள் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. நவம்பர் 14 அன்று இஸ்தான்புல்லின் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் பேரரசின் தலைமை மார்க்க அறிஞரான ஷேக்குல் இஸ்லாமின் ஃபத்வாக்கள், அதாவது மார்க்கத் தீர்ப்புகள், மக்கள் முன் வாசிக்கப்பட்டன.

அந்த ஃபத்வாக்களின் வடிவம் கவனிக்க வேண்டியது. ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றும் மூச்சு விடாமல் ஓடும் நீண்ட சட்டக் கேள்வி. பதில் ஒற்றைச் சொல்: ஆம். ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆட்சியில் வாழும் முஸ்லிம்கள் அந்த அரசுகளுக்கு எதிராக ஜிஹாத் செய்வது கடமையா? ஆம். இந்த எதிரி நாடுகளின் ஆட்சியில் உள்ள முஸ்லிம்கள், இஸ்லாமிய அரசுக்குத் துணையாக நிற்கும் ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் போரிட்டால் அது பெரும் பாவமா? ஆம். கலீபாவின் பக்கத்திலேயே கிறித்தவ ராணுவம் நிற்கும்போது, மற்றக் கிறித்தவ அரசுகளோடு மட்டும் புனிதப் போர் என்று சொல்ல வேண்டியிருந்தது. மார்க்கச் சட்டம் தெரிந்த பலருக்கு இது இடித்தது.

அன்று ஜெர்மன் தூதரகத்தின் பால்கனியில் 14 வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் கூட்டத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து பிடிபட்ட கைதிகள். நடுநிலை நாடான ருமேனியா வழியாக ரயிலில் கொண்டுவர வேண்டியிருந்ததால், சர்க்கஸ் கம்பெனி ஆட்கள் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். உலக ஜிஹாத்தின் முதல் நாளிலேயே மேடை, நடிகர், வேடம் எல்லாம் ஜெர்மன் ஏற்பாடு.

இதைப் பகிரங்கமாகக் கண்டித்த முதல் பெரிய அறிஞர் நெதர்லாந்துக்காரர் ஸ்னூக் ஹர்ஹ்ரோன்யே. 1880களில் மெக்காவிலேயே தங்கிப் படித்தவர், லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1915 ஆரம்பத்தில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ஜெர்மனியில் தயாரான புனிதப் போர் என்ற பொருளில் இருந்தது. இஸ்லாமிய ஆய்வில் தன்னோடு தோளோடு தோள் நின்ற ஜெர்மன் நண்பர்கள் மதவெறியைத் தூண்டும் வேலையில் இறங்கியது அவரைக் காயப்படுத்தியிருந்தது. ஜெர்மன் அறிஞர் கார்ல் ஹைன்ரிஷ் பெக்கர் பதில் எழுதினார்: உதுமானிய அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ள உரிமை உண்டு, ஜெர்மனி தன் நட்பு நாட்டுக்கு உதவுகிறது, அவ்வளவுதான் என்று. இத்தனைக்கும் ஸ்னூக்கும் டச்சு அரசுக்காகச் சுமத்ராவின் அச்சே மக்களின் எதிர்ப்பை அடக்க ஆலோசனை சொன்னவர்தான். அந்தக் காலத்து ஐரோப்பியக் கீழைத்தேய அறிவில் கை கறைபடாத ஆள் கிடைப்பது கஷ்டம்.

சரி, உலகம் பற்றிக்கொண்டதா?

இல்லை. பிரிட்டன் முன்னெச்சரிக்கையாக இருந்தது. நவம்பர் தொடக்கத்திலேயே அரேபியாவின் புனிதத் தலங்களுக்கு எந்தத் தீங்கும் செய்ய மாட்டோம் என்று அறிவித்தது. ஹைதராபாத் நிஜாமும் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கானும் பிரிட்டனுக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள். லட்சக்கணக்கான இந்திய முஸ்லிம்கள் பிரிட்டிஷ் படையில் தொடர்ந்து இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் இருந்தது, ஊரில் குடும்பம் இருந்தது, ரெஜிமென்ட் பெருமை இருந்தது. கலீபாவுக்கு மரியாதை உண்டு. அதற்காக உடனே துப்பாக்கியைத் திருப்பிவிட முடியாது. பெர்லின் மேசையில் விரித்த வரைபடத்தில் இஸ்லாமிய உலகம் ஒரே நிறத்தில் தெரிந்தது. மண்ணில் அது ஆயிரம் நிறமாக இருந்தது.

மிகப் பெரிய அடி மெக்காவிலிருந்து வந்தது. புனித நகரங்களின் காவலரான ஷரீஃப் ஹுசைனும் ஜிஹாத்தை வழிமொழிய வேண்டும் என்று இஸ்தான்புல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் நழுவினார். மனசார வேண்டிக்கொள்கிறேன், ஆனால் வெளிப்படையாகச் சொன்னால் ஆங்கிலேயர் செங்கடலை மூடிவிடுவார்கள், என் மக்கள் பட்டினி கிடப்பார்கள் என்றார். அது வெறும் சாக்கு அல்ல. மெக்கா இருக்கும் ஹிஜாஸ் விளையாத பூமி, கப்பலில் வரும் தானியத்தை நம்பி வாழ்ந்த பகுதி. ஆனால் உள்ளுக்குள் அவர் பிரிட்டனோடு பேரமும் பேசிக்கொண்டிருந்தார். 1916 ஜூனில் சுல்தானுக்கு எதிராகவே கிளம்பினார். நபியின் வம்சத்தில் வந்தவர், கலீபாவின் படைமீது சுட்டார்.

இங்கே நமக்கு நன்கு தெரிந்த ஒரு பெயரும் வருகிறது. யாருக்கும் சிக்காமல் காரியம் முடிப்பவனை எம்டன் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளுக்கருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது. அதோடு எம்டன் கதை முடிந்ததாக நினைக்கிறோம். உண்மையில் அங்கிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன, இரண்டுமே ஜிஹாத்தில் போய் முட்டுகின்றன.

முதல் கிளை, தீவில் தந்தி நிலையத்தை உடைக்க இறங்கியிருந்த 50 பேர். ஹெல்முத் ஃபான் மூக்கே என்ற அதிகாரியின் தலைமையில் அங்கே நின்ற பழைய பாய்மரக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டு தப்பினார்கள். அதன் பெயர் ஆயிஷா, நபியின் மனைவியின் பெயர். சுமத்ரா வந்து, வேறு கப்பல் மாறி, 1915 ஜனவரியில் யேமனில் ஹொதைதாவில் கரையேறினார்கள். இனி கூட்டாளியின் நாடு, புனிதப் போரில் தோழர்களின் நாடு என்று நம்பித்தான் வடக்கே கிளம்பினார்கள். ஜித்தாவை நெருங்கும் வழியில் நூற்றுக்கணக்கான பதூவின்கள் நாலா பக்கமும் வளைத்துக்கொண்டு சுட்டார்கள். ஒட்டகச் சேணங்களையும் மூட்டைகளையும் அடுக்கி, மணலைக் குவித்து அதன் பின்னால் ஒண்டிக்கொண்டு மூன்று நாள் தாக்குப் பிடித்தார்கள். தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, உடனிருந்தவர்கள் சிலர் அங்கேயே செத்தார்கள். கடைசியில் காப்பாற்ற வந்த படைக்குத் தலைவர் ஷரீஃப் ஹுசைனின் மகன் அப்துல்லா. தாக்கச் சொன்னதே ஷரீஃப்தானோ என்று மூக்கே சந்தேகப்பட்டார். ஜிஹாத் அறிவித்து ஐந்து மாதம்கூட முடியாத நேரத்தில், மெக்காவுக்குப் பக்கத்திலேயே ஜெர்மானியருக்குக் கிடைத்த வரவேற்பு அது.

இரண்டாவது கிளை சிங்கப்பூரில். எம்டன் மாலுமிகளில் சிலர் டாங்லின் முகாமில் கைதிகளாக இருந்தார்கள். அவர்களுக்குக் காவல் நின்றது இந்தியப் படையின் ஐந்தாவது இலகு காலாட்படை, முழுக்க முஸ்லிம் சிப்பாய்கள். ஜூலியஸ் லாட்டர்பாக் என்ற ஜெர்மன் அதிகாரி காவலுக்கு நின்றவர்களோடு பேச்சுக் கொடுத்தே அவர்களைக் கிளப்பிவிட்டார். ஆனால் கிளம்புவதற்கு வேறு காரணங்களும் நிறைய இருந்தன. அதிகாரிகளுக்குள் சண்டை, பதவி உயர்வில் மனக்கசப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, துருக்கியோடு சண்டைக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி. உண்மையில் உத்தரவு ஹாங்காங்குக்கு. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை நாள், படை வெடித்தது. கலகக்காரர்கள் டாங்லின் முகாமுக்கு ஓடி, காவலை அழித்து, கதவைத் திறந்து ஜெர்மானியர்களை வாருங்கள் என்று அழைத்தார்கள். பெரும்பாலானவர்கள் வர மறுத்துவிட்டார்கள். சிலர் அந்தக் குழப்பத்தில் தப்பி ஓடினார்கள், லாட்டர்பாக் உட்பட. சிப்பாய்கள் தனியாக நின்றார்கள். 47 பேருக்கு மரண தண்டனை. அவுட்ரம் சாலைச் சிறைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, ஊரே கூடிப் பார்க்கச் சுட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். தூண்டிவிட்டவர் கடல் தாண்டி ஊர் சேர்ந்து வீரராகக் கொண்டாடப்பட்டார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் சுவரோரம் விழுந்தார்கள்.

காபூல் பயணம் தனிக் கதை. வெர்னர் ஓட்டோ ஃபான் ஹென்டிக் என்ற இளம் தூதரும், ஆஸ்கர் ஃபான் நீடர்மையர் என்ற பவேரிய ராணுவ அதிகாரியும் 1915இல் பாரசீகப் பாலைவனத்தைக் கடந்து ஆப்கானிஸ்தான் போனார்கள். ரஷ்ய, பிரிட்டிஷ் காவல் வளையத்துக்குள் புகுந்து, கோடை வெயிலில் ஆட்களையும் மிருகங்களையும் இழந்து, இலையுதிர் காலத்தில் காபூல் சேர்ந்தார்கள். கூடவே இந்திய விடுதலைக்குப் போராடிய ராஜா மகேந்திர பிரதாப்பும் மௌலவி பரக்கத்துல்லாவும். அமீர் ஹபீபுல்லா அவர்களை நிறைய நாள் காக்க வைத்துத்தான் சந்தித்தார். உங்களை வியாபாரிகளாகத்தான் பார்க்கிறேன், சரக்கை விரியுங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்கிறேன் என்கிற தோரணையில் பேசினார். கைசரின் கடிதம் தட்டச்சில் இருந்தது அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஒரு பேரரசர் இப்படியா எழுதுவார்? 1916 ஜனவரியில் ஒரு ஒப்பந்த வரைவுக்கு இணங்கினார். அதில் அவர் கேட்டது ஒரு லட்சம் துப்பாக்கி, 300 பீரங்கி, ஒரு கோடி பவுண்டு பணம். இவ்வளவையும் பாலைவனம் தாண்டி ஜெர்மனியால் கொண்டுவர முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அந்தப் பக்கம் பிரிட்டனிடம் நடுநிலை காப்பேன் என்று சொல்லி மானியத்தையும் வாங்கிக்கொண்டார். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சிறிய நாட்டின் தலைவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்.

அதே காபூலில் 1915 டிசம்பர் 1 அன்று நாடு கடந்த இந்திய அரசு ஒன்று உருவானது. குடியரசுத் தலைவர் மகேந்திர பிரதாப், பிரதமர் பரக்கத்துல்லா, உள்துறை உபைதுல்லா சிந்தி. ஜிஹாத் திட்டத்தின் செலவில் பிறந்த அரசு, அதன் தலைவர் ஒரு இந்து. ஜெர்மன் பணத்தை வாங்கிய இந்தியர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. அவர்களுக்கு வேண்டியது விடுதலை. புனிதப் போர் என்பது பெர்லின் போட்டுத் தந்த உறை.

அந்த வட்டத்தில்தான் செண்பகராமன் பிள்ளையும் வருகிறார். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1914இல் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு தொடங்கி, அந்த ஆண்டே பெர்லினுக்கு வந்து அங்கிருந்த இந்திய விடுதலைக் குழுவில் சேர்ந்தார். காபூல் அரசின் வெளியுறவு அமைச்சர் என்றும் அவரைச் சொல்வதுண்டு. அவர் எம்டன் கப்பலில் இருந்து சென்னையைத் தாக்கினார் என்று நம் ஊரில் மேடைதோறும் சொல்கிறார்கள். போர் தொடங்கும்போது எம்டன் சீனக் கடல் பக்கம் இருந்தது, பிள்ளை சுவிட்சர்லாந்தில் இருந்தார். இது நடந்திருக்க வழியில்லை. அவர் உண்மையில் செய்ததே பெரிது, மிகைப்படுத்தத் தேவையில்லை. 1934இல் பெர்லினிலேயே இறந்தார். அஸ்தி 1966இல்தான் இந்தியக் கடற்படைக் கப்பலில் நாடு திரும்பியது.

ஜிஹாத் எங்குமே எடுபடவில்லை என்று சொல்லிவிட முடியாது. லிபியாவின் சனூசி என்ற இஸ்லாமிய இயக்கத்தினர் 1915 இறுதியில் எகிப்தின் மேற்கு எல்லையைத் தாக்கினார்கள். தென் பாரசீகத்தில் வில்ஹெல்ம் வாஸ்முஸ் என்ற ஜெர்மன் தூதர் பழங்குடியினரோடு சேர்ந்து பிரிட்டனைப் போர் முழுவதும் அலைக்கழித்தார். ஆனால் சனூசிகள் 1911 முதலே இத்தாலியோடு போராடிக்கொண்டிருந்தவர்கள். பாரசீகப் பழங்குடியினருக்கு ஆங்கிலேயர் மீது பழைய பகை. ஏற்கெனவே நெருப்பு இருந்த இடத்தில்தான் பெர்லினின் எண்ணெய் பிடித்தது.

அப்புறம், இதன் மிகக் கறுப்பான பக்கம். 1915இல் உதுமானிய அரசு ஆர்மேனியர்களை ஊர் ஊராக வெளியேற்றிக் கொன்றது. அதைத் திட்டமிட்டது இளந்துருக்கி அரசு. ஜிஹாத் அறிவிப்பு மட்டும் அதற்குக் காரணம் என்பது தவறு. ஆனால் அண்டை வீட்டுக் கிறித்தவரை எதிரியாகப் பார்க்கும் சூழலுக்கு அந்த அறிவிப்பும் ஒரு கை கொடுத்தது. கொலைகளைப் பற்றி ஜெர்மன் தூதர்களே பெர்லினுக்கு அறிக்கை மேல் அறிக்கை அனுப்பினார்கள். துருக்கியைப் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டும் என்று ஒரு தூதர் டிசம்பரில் கேட்டபோது, ஆர்மேனியர் அழிந்தாலும் அழியாவிட்டாலும் போர் முடியும்வரை துருக்கியை நம் பக்கம் வைத்திருப்பதே நம் ஒரே நோக்கம் என்று தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக் எழுதினார். பொறுமையாகப் படிக்க முடியாத வாக்கியம் அது.

மீண்டும் வூன்ஸ்டார்ஃபுக்கு வருவோம். அந்த முகாமின் பெயர் பிறை முகாம். நாலைந்து ஆயிரம் கைதிகள். வட ஆப்பிரிக்கர், மேற்கு ஆப்பிரிக்கர், இந்தியர். பக்கத்தில் திராட்சைக் குன்று முகாம் என்று இன்னொன்று. அங்கே ரஷ்யப் படையின் தாத்தாரி முஸ்லிம்கள். மற்ற முகாம்களைவிட நல்ல கவனிப்பு. முறைப்படி அறுத்த இறைச்சி, பெருநாள் விடுமுறை, இமாம், தொழுகை. அல் ஜிஹாத் என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை அச்சாகிக் கைதிகளுக்குப் போனது. இந்தியர்களுக்கு ஹிந்துஸ்தான் என்று தனிப் பத்திரிகை, உருதுவிலும் இந்தியிலும். முகாமில் முஸ்லிம்கள் மட்டும் இல்லை. இந்துக்களும் சீக்கியர்களும் கூர்க்காக்களும் நிறைய இருந்தார்கள். அவர்களிடம் ஜிஹாத் பேச முடியாது, விடுதலை பேசினார்கள். பள்ளிவாசலைப் படம் எடுத்து அஞ்சலட்டை அடித்து உலகுக்குக் காட்டினார்கள்.

நோக்கம் ஒன்றே. மனம் மாறியவர்களைச் சுல்தானின் படைக்கு அனுப்ப வேண்டும். சுமார் ஈராயிரம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலும் தாத்தாரிகளும் வட ஆப்பிரிக்கர்களும். இந்தியர்கள் சில டஜன்தான். போனவர்களும் துருக்கியில் நொந்து போனார்கள் என்பதால், 1917இல் அந்த வேலை மெதுவாகக் கைவிடப்பட்டு, இந்தியக் கைதிகளும் ஆப்பிரிக்கக் கைதிகளும் குளிர் குறைந்த ருமேனியாவுக்கு மாற்றப்பட்டார்கள். பலர் அதற்கு முன்பே காசநோயில் போய்விட்டார்கள். பக்கத்தில் உள்ள செரன்ஸ்டார்ஃப் இந்தியக் கல்லறைத் தோட்டத்தில் 206 பேரின் நினைவு இருக்கிறது.

தோற்ற திட்டம் அத்தோடு மறக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதே ஆட்கள் எழுந்து வருகிறார்கள். 1940 ஜூலையில், 80 வயது ஓப்பன்ஹைம், நாஜிகளின் இனச் சட்டப்படி தானே பாதி அந்நியராக இருந்தும், அரபு நாடுகளைக் கிளப்பும் திட்டத்தை மறுபடி எழுதிக் கொடுத்தார். காபூல் போன நீடர்மையர், பிடிபட்ட சோவியத் படையின் துருக்கிய இனக் கைதிகளைக் கொண்ட 162ஆவது காலாட்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். வூன்ஸ்டார்ஃபில் இமாமாக இருந்த தாத்தாரி ஆலிம்ஜான் இத்ரீஸ், 1944இல் டிரெஸ்டனில் நாஜிகளின் எஸ்எஸ் அமைப்பு நடத்திய முல்லாக்கள் பள்ளிக்கு வந்தார். வூன்ஸ்டார்ஃபே ஜெர்மன் தரைப்படையின் தலைமையகம் ஆனது, நிலத்தடிக் காப்பறைகளோடு.

ஆனால் இம்முறை சரக்கு வேறு. 1941 நவம்பர் 28 அன்று பாலஸ்தீன முஃப்தி, அதாவது மார்க்கத் தலைவர், அமீன் அல் ஹுசைனி ஹிட்லரைச் சந்தித்தார். பெர்லினுக்குத் தெற்கே ட்சேசன் என்ற இடத்தின் சிற்றலை நிலையத்திலிருந்து அரபு மொழியில் யூத வெறுப்பு நாள்தோறும் ஒலிபரப்பானது. முதல் போரின் ஜிஹாத் பிரசாரத்தில் இந்த யூத வெறுப்பு மையமாக இருந்ததில்லை. அந்த ஜிஹாத்தை வகுத்த ஓப்பன்ஹைமே யூத வம்சத்தவர். 1943இல் எஸ்எஸ் தலைவர் ஹிம்லர் போஸ்னிய முஸ்லிம்களைச் சேர்த்து ஹண்ட்ஷார் என்ற எஸ்எஸ் படையை உருவாக்கினார். தலையில் ஃபெஸ் தொப்பி, ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ஒரு இமாம். அந்தப் படை பிரான்சில் பயிற்சியில் இருக்கும்போதே, செப்டம்பர் 17 அன்று வில்ஃப்ரான்ஷ் நகரில் ஒரு பிரிவு கலகம் செய்து ஜெர்மன் அதிகாரிகளைக் கொன்றது. மீதிப் படை பின்னர் பால்கனில் கொடுமைகள் செய்தது என்பதும் உண்மை. அதற்கு முன், 1941இலேயே சரயேவோ, மோஸ்தார் முதலான ஊர்களின் முஸ்லிம் பெரியவர்கள் செர்பியர், யூதர் மீதான வன்முறையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தார்கள். பெர்லினிலேயே முகமது ஹெல்மி என்ற எகிப்திய மருத்துவர் ஒரு யூதப் பெண்ணைப் போர் முடியும்வரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார். முஃப்தியின் படத்தை மட்டும் காட்டி, ஒரு சமூகத்தையே ஹிட்லரின் கூட்டாளி என்பவர்கள் இவரையும், ஜெர்மனிக்கு எதிராகப் போரிட்ட லட்சக்கணக்கான முஸ்லிம் சிப்பாய்களையும் பார்க்கட்டும்.

பனிப்போரிலும் ஒரு சிறு தொடர்ச்சி உண்டு. சோவியத் முஸ்லிம் விவகாரங்களை நாஜி அமைச்சகத்தில் கவனித்த கெர்ஹார்ட் ஃபான் மெண்டெ, மேற்கு ஜெர்மனியில் ஜெர்மன் படையில் இருந்த அதே சோவியத் முஸ்லிம் முன்னாள் வீரர்களைக் கம்யூனிச எதிர்ப்புக்குப் பயன்படுத்தினார். மூனிச்சில் அவர்களுக்கென ஒரு பள்ளிவாசல் திட்டம் எழுந்தது. அது மெல்லக் கைமாறி எகிப்தின் முஸ்லிம் சகோதரர் அமைப்பைச் சேர்ந்த சயீது ரமளான் வட்டத்திடம் போனது, 1973இல் திறக்கப்பட்டது.

வூன்ஸ்டார்ஃபின் மரப் பள்ளிவாசல் பழுதாகி, இரண்டு போர்களுக்கு இடையில் இடித்துத் தள்ளப்பட்டது. ஹிட்லரின் தளபதிகளுக்குப் பிறகு அங்கே சோவியத் ராணுவம் வந்து, 1994 வரை இருந்தது. 2015இல் அந்த இடத்தில் அகதிகளுக்குத் தங்குமிடம் கட்டும் முன் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள்.

அந்த முகாமிலிருந்து இன்னொன்றும் மிஞ்சியிருக்கிறது, குரல்கள். ஜெர்மன் மொழியியலாளர்கள் கைதிகளை ஒலிப்பதிவுக் கருவியின் குழாய் முன் நிறுத்திப் பேச வைத்து இசைத்தட்டுகளில் பதிந்தார்கள். பல முகாம்களிலுமாக ஏறத்தாழ 1,650 தட்டுகள். பெர்லினில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற சீக்கியச் சிப்பாய் பஞ்சாபியில் பேசியிருக்கிறார். ஜிஹாத், கைசர், விடுதலை எதுவும் அதில் இல்லை. ஒரு கதை சொல்வதுபோலப் பேசுகிறார்: ஒரு மனிதன் இருந்தான், ஹிந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டான், பால் குடித்தான். ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்தான், போருக்கு வந்தான், ஜெர்மானியர் பிடித்துக்கொண்டார்கள். அந்த மனிதன் ஹிந்துஸ்தானத்துக்குப் போக விரும்புகிறான்.